கிளம்ப மறுக்கும் மொறிஸ் மைனர்

என் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஒரு வினாவை எழுப்பினான். “சேர், எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் சில நாட்களிற் காலையிலே கிளம்பாது. கராஜ் அண்ணை வந்து மூடியைத் திறந்து, எதையோ ஸ்பானராலே மெல்லத் தட்டுவார், உடனே கிளம்பிவிடும். அவர் எதைத் தட்டுகிறார்?” பௌதிகவியல் கற்கும் மாணவனுக்கு எழவேண்டிய ஐயமே இது. பழைய கார் நிற்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளமையால், இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இந்தக் கார் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் இதுவே. இதன் உறுப்புக்கள் யாவும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. ஆதலால் நோயை ஆராய்ந்தறியப் பழகுவோருக்கு இதனிலும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

அந்த அண்ணை தட்டுவது பெற்றோல் பம்பியை. எஞ்சினுக்குப் பின்னேயுள்ள இரும்புச் சுவரில் அது பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே ஒரு மின்காந்தம். அதன் முன்னே ஒரு மெல்லிய சவ்வு. மின்னோட்டம் பாய்ந்ததும் காந்தம் சவ்வை இழுக்க, தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. இழுத்து முடிந்த கணமே இரு தொடுமுனைகள் விலகி மின்னோட்டம் அறுபடுகிறது. அப்பொழுது சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, பெற்றோல் காபரேற்றருக்குச் செல்கிறது. முனைகள் மீண்டும் தொடுகின்றன. காபரேற்றரின் மிதவை அறை நிறைந்ததும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். தள்ளுதற்கு இடமின்மையால் பம்பியும் ஓய்ந்துவிடும். வண்டி பல நாள் நின்றால் அத்தொடுமுனைகளிற் கருமை படிந்து மின்சாரம் செல்லாது. தட்டும்பொழுது முனைகள் அசைந்து சற்றே உராய, உயிர் வருகிறது. ஆயினும் தட்டுவது மருந்தாகாது. பற்றறி இணைப்பைக் கழற்றிவிட்டு, முனைகளை மிக நுண்ணிய அரத்தாளினாலே துடைப்பதே மருந்து.

இங்கே காதுக்கு வேலை உண்டு. சாவியைத் திருப்பியவுடன் ஸ்ராற்றரை இழுக்காமற் சிறிது பொறுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று சில முறை ஒலித்து ஓய்ந்தால், பெற்றோல் சேரவேண்டிய இடத்திற் சேர்ந்துவிட்டது. குற்றம் பெரும்பாலும் தீப்பொறியின் பக்கமே. ஒலியே இல்லையேல், மேலே சொன்ன முனைகளையோ மின்கம்பியையோ பார்க்கவேண்டும். ஓயாது ஒலித்துக்கொண்டேயிருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். தாங்கி வெறுமையாயிருக்கலாம் (பழைய காரின் அளவுமுள்ளை நம்பி ஏமாந்தோர் பலர்). தாங்கியிலிருந்து வருங் குழாயிற் காற்றுப் புகலாம். அல்லது ஊசி வால்விலே துரும்பு சிக்கி, பெற்றோல் வெளியே வழியலாம்.

இம்மூன்றாவதிலே விளையாட்டு வேண்டாம். இவ்வெஞ்சினில் காபரேற்றருக்கு நேர் கீழே புகைக்குழாயின் இரும்பு வாய் இருக்கிறது. சூடேறிய இரும்பின்மேற் பெற்றோல் சொட்டினால் என்ன நேரும் என்பதை விளக்கவேண்டியதில்லை. பெற்றோல் மணம் வந்தவுடன் சாவியை மூடி, பிள்ளைகளை இறக்கி, மூடியைத் திறந்து ஆறவிடுங்கள்.

காபரேற்றரின் வாயிலே போத்தலிலிருந்து பெற்றோல் ஊற்றிக் கிளப்பும் பழக்கமும் அவ்வாறே ஆபத்தானது. யாழ்ப்பாணத்தில் இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகியபொழுது, சில துளி பெற்றோலினாற் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டிலே ஆவியாகும். அக்காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவாதலால் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. வேறு வழியற்ற நாட்களில் நோயாளரையும் சுமந்து சென்ற அக்கார்களை நாம் இகழலாகாது. ஆனால் பெற்றோல் கிடைக்கும் இன்று அப்போத்தல் வேண்டியதில்லை. எஞ்சின் ஒருமுறை பின்வாங்கி வெடித்தால், சுவாலை காபரேற்றர் வாய்வழியே ஊற்றுபவரின் முகத்துக்கே வரும்.

இனித் தீப்பொறி. பல முறை சுழற்றியுங் கிளம்பாத எஞ்சினின் பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தாற் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தாற் பெற்றோல் வந்தும் பொறி வரவில்லை, அல்லது சோக்கை மிகுதியாக இழுத்துவிட்டீர்கள். நம் நாட்டு வெப்பத்துக்குச் சோக் சிறிதளவே போதும். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றரின் தொடுமுனை இடைவெளி 0.015 அங்குலம். வேறு காரின் பற்றறியிலிருந்து மின்சாரம் எடுப்போர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால், பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைந்திருக்கும். இக்காலக் கார்களில் அது எதிர்மாறு.

2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டிலே மாதக்கணக்கில் நின்றுபோன வண்டிகள் சில, அதன்பின் கிளம்பவேயில்லை. பெற்றோல் நெடுநாள் நின்றால் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சுவது தீப்பற்றச் சோம்பும். இரும்புத் தாங்கியிலே துருவுஞ் சேரும். அதனை முழுவதும் வடித்து, குழாய்களைத் துப்புரவாக்கி, புதிய பெற்றோல் இடுவதன்றி வேறு வழியில்லை.

காலையிலே நன்றாகக் கிளம்பி, நண்பகலிற் சந்தையில் பத்து நிமிடம் நின்றபின் மறுக்கும் காருக்கு நோய் வேறு: எஞ்சின் சூட்டினால் மிதவை அறையிலே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. மூடியைத் திறந்து கால் மணி நேரம் நிழலிலே நில்லுங்கள். பின்னர்ச் சோக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி கிளப்புங்கள். அதனை ஏற்றி இறக்க வேண்டாம்.

பற்றறி களைத்திருந்தால் முன்னே செருகிச் சுழற்றும் கைபிடி உதவும். பெருவிரலை மற்றை நான்கு விரல்களின் பக்கத்திலேயே வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். பெருவிரலாற் சுற்றிப் பிடித்தோரின் கையை, எஞ்சின் பின்னோக்கி உதைத்து முறித்ததுண்டு.