தீர்ப்பைப் படிக்காத சமுதாயம்!

கங்கைகொண்டான் சிப்காட்டில் இயங்கும் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் வழங்க 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. நெல்லைச் சீமையே மகிழ்ந்தது. 2017 மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மறுநாளே அவ்வழக்குகள் தள்ளுபடியாயின!

தடையைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் தள்ளுபடித் தீர்ப்பை வாங்கிப் படித்தோம்? என்ன காரணத்தால் தோற்றோம் என்று அறியாதவன் அடுத்த வழக்கில் எப்படி வெல்வான்?

தண்ணீர் வழக்குக்கு மட்டுமல்ல, நம் பள்ளிவாசலுக்கும் கபரஸ்தானுக்கும் இதே கேள்விதான்.

ஒரு தீர்ப்பு, வழக்காடிய இருவரோடு முடிந்து விடுவதில்லை. தீர்ப்புத் தொகுப்பில் அச்சேறிவிட்டால் அதுவே அடுத்த வழக்குக்கு முன்மாதிரி. சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் 1876 முதல் அரசுத் தொகுப்பாகவும், 1891 முதல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழிலும் வெளிவருகின்றன. வக்கீல்கள் அவற்றைப் புரட்டித்தான் வாதாடுகிறார்கள். நாமோ, அது வக்கீல் பாடு என்று இருந்து விடுகிறோம்.

முன்னோர் அப்படி இருக்கவில்லை. குடும்பத்தாருக்காக எழுதப்பட்ட ஒரு வக்ஃபு செல்லாது என்று 1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் ஷரீஅத்தையே புரட்டிய தீர்ப்பு அது. நீதிபதி அமீர் அலி போன்றோர் அந்தச் சட்டப் பார்வையை ஆதாரங்களோடு மறுத்தார்கள். மௌலானா ஷிப்லி நுஃமானி ஆதரவு திரட்டினார். ஜின்னா சட்டமன்றத்தில் மசோதா கொண்டு வந்தார். 1913-ல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் பிறந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வக்ஃபுகளையும் காக்க 1930-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு தீர்ப்பைத் திருத்த 36 ஆண்டுகள்!

இன்றைய நிலை என்ன? சேலம் கபரஸ்தான் வழக்கில் 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் சொன்னது: முறையான சர்வே நடந்ததற்கு ஆதாரம் இல்லையேல், அரசிதழ் அறிவிப்பு மட்டும் ஒரு நிலத்தை வக்ஃபாக்கி விடாது. 2025-ம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, நீண்டகாலப் பயன்பாட்டை மட்டும் வைத்து இனி புதிதாக வக்ஃபு உரிமை கோர முடியாதபடி செய்துவிட்டது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. இதை நிறுத்தி வைக்கவில்லை. 'பாட்டன் காலத்திலிருந்து தொழுகிறோம்' என்ற சொல் போதாது. காகிதம் பேச வேண்டும்!

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உஸ்மானிய ஆட்சியில் காஜிகள் எழுதி வைத்த வழக்குப் பதிவேடுகள் பிழைத்திருந்ததால்தான் இன்று துருக்கியில் அவை தொகுதி தொகுதியாக அச்சேறியுள்ளன. நம் ஊர் தப்தர் எங்கே இருக்கிறது? கரையான் தின்ற பெட்டியிலா, காலமான முத்தவல்லியின் வீட்டுப் பரணிலா?

இளைஞர்களே! 2023 ஜனவரி முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் கணினியில் இலவசமாகக் கிடைக்கின்றன; பல தீர்ப்புகள் தமிழிலும் உள்ளன. ஜமாஅத்துக்கு இருவர் பொறுப்பேற்று, வக்ஃபு தொடர்பான தீர்ப்புகளைத் திரட்டிப் படியுங்கள். அசல் பத்திரங்களைப் பத்திரப்படுத்தி நகல் எடுங்கள். நம் ஊர் வழக்குகளின் தீர்ப்பு நகல்களையும் சேருங்கள். வியாபாரப் பெருமக்களே! ஓர் இரும்பு அலமாரியும் நகல் செலவும் உங்கள் பொறுப்பாகட்டும்.

மேடையில் முழங்கும் ஆயிரம் பேரை விட, நீதிமன்றத்தில் காட்ட ஓர் ஆவணம் வைத்திருப்பவனே இன்று சமுதாயத்துக்குத் தேவை. அல்லாஹ் நம் அமானிதங்களைக் காப்பானாக! ஆமீன்.