‘ஃபுல்’ என்றால் எதுவரைக்கும்?

சாலை வரி புதுப்பிக்கும் மாதம் வந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு சொற்போர் நிச்சயம். “ஃபர்ஸ்ட் பார்ட்டி எடுத்தாச்சு, எல்லாம் அடங்கும்” என்பார் மாமா. “வெள்ளம் வந்தா?” என்று கேட்டால், “ஃபுல்னா ஃபுல்தான்மா!” என்று பேச்சை முடித்துவிடுவார்.

நாம் ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’, ‘ஃபுல்’ என்று சொல்வது முழுமைக் காப்புறுதியை. விபத்து, தீ, திருட்டு, அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதம் எல்லாம் அதில் உண்டு. வெள்ளம், புயல், நிலச்சரிவு வழக்கமாக அதில் சேராது. கூடுதல் கட்டணம் கட்டி ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ சேர்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கும் தனிக் கட்டணம்தான்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, வரிசை வரிசையாகக் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ‘ஃபுல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அதன் பொருள் அன்றுதான் புரிந்திருக்கும்.

அடுத்த சண்டை என்.சி.டி. “இந்தக் காருக்கு 55 விழுக்காடு இருக்கு, அப்படியே உனக்கு வந்துடும்” என்று சொல்லிப் பழைய காரை மகனுக்குக் கொடுக்கிறார்கள் அப்பாக்கள். வராது. ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கு அப்பாவுக்குக் கிடைத்த தள்ளுபடி அது. முதல் முறையாகத் தன் பெயரில் காப்புறுதி எடுக்கும் மகன் பூஜ்யத்தில் தொடங்கி, ஓராண்டு கழித்து 25 விழுக்காட்டைத் தொடுவார்.

‘கிளேய்ம் பண்ணினா எல்லாத்தையும் அவங்களே கட்டுவாங்க’ என்பதும் இப்படித்தான். ஐந்து வயது தாண்டிய காருக்குப் புதிய உதிரிபாகம் போட்டால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டிவரும். கார் பழையதாக ஆக அந்தப் பங்கும் ஏறும். பத்து வயதில் 40 விழுக்காடு.

முகவரிடம் “ஃபுல்தானே?” என்று கேட்டால் “ஆமா” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கேள்வியை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: வெள்ளம் வந்தால்? கண்ணாடி உடைந்தால்? காற்றில் மரம் விழுந்தால்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா இன்னும் ‘ஃபுல்’ என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும். இந்த ஆண்டு அவருடைய காப்புறுதித் தாளில் வெள்ளத்துக்கும் ஒரு வரி இருக்கிறது.