சபை பாடட்டும்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அடிக்கடி இரண்டு குறைகள் காதில் விழுகின்றன. “இப்போதைய பாட்டில் சத்தம் இருக்கிறது, பக்தி இல்லை” என்கிறார்கள் பெரியவர்கள். “பாமாலையை வாய் பாடுகிறது, மனம் எங்கோ இருக்கிறது” என்கிறார்கள் இளையவர்கள். உற்றுக் கேட்டால் இரு தரப்பாரின் கவலையும் ஒன்றுதான். பாடுவது உண்மையாக இருக்க வேண்டும்.

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தலைமுறைகள் பாடிப் பழகிய கீர்த்தனை, துக்க வீட்டிலும் நோய்ப் படுக்கையிலும் புத்தகம் இல்லாமலே நாவில் வந்து ஆறுதல் தருகிறது. கீபோர்டும் டிரம்ஸும் ஓங்கி ஒலிக்கும்போது அந்தச் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. சபையார் பாடுவதை விட்டுக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இளையவர்கள் சொல்வதும் தள்ளத்தக்கதல்ல. பொருள் விளங்காத பழஞ்சொல்லை உணர்ந்து பாடு என்றால் எப்படிப் பாடுவது? வீட்டில் பேசும் தமிழில் ஆண்டவரிடம் பேச விரும்புவது அவமரியாதை ஆகாது.

நம் பாட்டு மரபே இப்படிப் பல வாசல் வழியாக வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டில் பெப்ரிசியுஸ் போன்ற மிஷனரிகள் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டுக்கு இசையத் தமிழாக்கினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, சரணம் என்று நம் மண்ணின் இசையில் பாடினார். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தியோபிலஸ் அப்பாவு மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு கிராமத்து மெட்டுகளையும் பேச்சுத்தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்று பழையதாகத் தோன்றும் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதியதே.

ஆகவே உண்மையை மெட்டின் வயதில் தேட வேண்டாம். கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், ஆவியும் கருத்தும் சேர்ந்த பாடலையே வேண்டினார். உருக்கம் மட்டும் போதாது. அறிவு மட்டும் போதாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் உள்ளத்தை அளக்க நம்மால் முடியாது. அவர் உணர்ந்து பாட வழிசெய்ய முடியும்.

அதற்குச் சிறு முயற்சிகள் போதும். கீர்த்தனைக்கு முன் அருஞ்சொல் ஒன்றிரண்டின் பொருளை ஆயர் ஒரு நிமிடம் சொல்லலாம். புதிய பாட்டைப் பாடகர் குழு தொடர்ந்து சில வாரங்கள் சபைக்குக் கற்றுத் தரலாம். பெண்களும் முதியவர்களும் எட்டிப் பாடக்கூடிய சுருதியில் தொடங்கலாம். ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைக்கலாம். பாட்டுத் தெரிவில் பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து அமரலாம். பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் ஐக்கியமும் மாதம் ஒருமுறை ஒருவர் பாட்டை மற்றவர் கற்கலாம்.

இன்னொன்றையும் வரும் ஞாயிறே செய்து பார்க்கலாம். கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்திருக்கட்டும். பெரியவர் குரலும் பிள்ளையின் குரலும் ஒன்றையொன்று கேட்கும். யார் பாட்டு இது என்ற வழக்கு அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.