காருக்கு மெழுகு சரி, காதுக்கு எதுக்குய்யா பூ?

சேலைக்குக் கஞ்சி எதுக்குப் போடுறோம்னு சின்னாளப்பட்டியில ஒரு பொடுசைக் கேட்டாக்கூட சொல்லும். மொடமொடன்னு நிக்கும், கட்டினா எடுப்பா இருக்கும், ரெண்டு தண்ணி கண்டா போயிரும். 'கஞ்சி போட்டா சாயம் பத்து வருசம் வெளுக்காது'ன்னு எவனாச்சும் இங்க வந்து வித்தான்னா, காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்து, சிரிச்சே பஸ் ஏத்தி விட்ருவாங்க. சுங்குடிக்கு சாயம் போட்ட ஊருய்யா இது!

ஆனா பாருங்க, அதே ஊர்க்காரங்க காருன்னு வந்துட்டா மட்டும் மூளையைக் கழட்டி டேஷ்போர்டுல வச்சிடுறாங்க. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வாடகைக்கு ஓட்டக் கடன்ல வண்டி எடுத்தான். பில்லுல 'பெயிண்ட் பாதுகாப்பு'ன்னு தனியா ஒரு வரி. தொகை ரெண்டு மாசத் தவணைக்குப் பக்கத்துல வருது. கேட்டா, "இது போடலேன்னா நம்மூரு வெயிலுக்கு ஆறே மாசத்துல வெளுத்துரும்னு சொன்னாங்கண்ணே" அப்படிங்கிறான். அடப்பாவிகளா! ஆறு மாசத்துல வெளுக்குற பெயிண்டை அடிச்சு ஒரு கம்பெனி காரை விக்குமா? இதுகூடவா யோசிக்கக்கூடாது?

மொதல்ல உங்க கார் மேல என்னதான் இருக்குன்னு பாத்துருவோம். தகரத்து மேல துருத்தடுப்புப் பிரைமர், அதுக்கு மேல இன்னொரு பிரைமர், அப்புறம் கலர், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேந்து சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான். அதுல கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம தலைமுடி ஒண்ணே சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, வெயிலைத் தாங்குற அந்தக் கடைசிப் படலம் ஒரு முடி தடிமன்கூடக் கிடையாது. வெயிலைத் தாங்குற மருந்தையும் பேக்டரியிலயே அதுக்குள்ள கலந்து, சுமார் 140 டிகிரி சூட்டுல வேக வச்சுத்தான் அனுப்புறாங்க.

இப்ப கட்டுக்கதைகளுக்கு வருவோம்.

புளுகு 1: 'மெழுகு பெயிண்டுக்கு உணவு மாதிரி.'
பெயிண்டு என்ன எருமை மாடா, தீனி வைக்க? காய்ஞ்ச பெயிண்ட் எதையும் உறிஞ்சாது. இந்தக் கதை அம்பாசடர், பழைய பியட் காலத்துது. அப்ப கிளியர் கோட் கிடையாது. வெயில்ல மேல்பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி பூத்துப்போகும், பாலிஷ் போட்டுத் தேய்ச்சா துணியில கலர் ஒட்டும், வண்டி புதுசா மின்னும். அம்பாசடர் தயாரிப்பே 2014ல நின்னு போச்சு. இந்தப் பேச்சு மட்டும் இன்னும் நிக்கல.

புளுகு 2: 'பாலிஷும் வாக்ஸும் ஒண்ணுதான்.'
இதுதான் இருக்கறதுலயே ஆபத்தானது. வாக்ஸ் மேல பூசுறது. பாலிஷ் தேய்ச்சு எடுக்குறது. கீறல் எப்படி மறையுதுன்னு நினைக்கறீங்க? கீறலைச் சுத்தி இருக்குற கிளியர் கோட்டையும் சேத்து இழைச்சு மட்டப்படுத்துறாங்க. மர ஆசாரி இழைப்புளி போடுற மாதிரி. இருக்கறதே 40 மைக்ரான், அதுல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மிஷினை வச்சுச் சுத்தினா என்ன மிஞ்சும்? 'பளபளப்பு போச்சு'ன்னு திரும்பப் போய்த் திரும்பத் தேய்ச்சவங்க வண்டியிலதான் பானட்டு மேல தேமல் மாதிரி திட்டுத் திட்டா உரிஞ்சு நிக்குது. காசும் குடுத்து ஆயுசையும் குறைச்சுக்கிறது இதுதேன்.

புளுகு 3: 'டெஃப்லான் கோட்டிங்.'
1938ல கண்டுபிடிச்ச பொருள். உருகவே 327 டிகிரி வேணும். தோசைக்கல்லுல ஒட்ட வைக்க அதுக்கும் மேல சூடாக்குவாங்க. உங்க பெயிண்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டு போனா அப்புறம் காரே தோசைதான் :-) பாட்டில்ல இருந்து ஊத்தி, துணியில தேய்ச்சு விடுறதுல மின்னுறது கூடக் கலந்திருக்குற மெழுகும் பாலிமரும்தான். பேருக்குத்தான் காசு.

புளுகு 4: 'செராமிக் போட்டா 9 எச், வைரம் மாதிரி, கீறலே விழாது.'
செராமிக் சுத்த ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். மெழுகை விட ரொம்ப நாள் நிக்கும், கழுவுறது சுலபம். ஆனா அந்த 9 எச் வைரக் கணக்கு இல்ல சாமி, பென்சில் கணக்கு! 9 எச் பென்சிலால கீறினா கீறல் விழலைன்னு அர்த்தம். ரோட்டு மணல் பென்சில் முனையை விடப் பல மடங்கு கெட்டி. படலத்தோட தடிமன் ஒண்ணு, ரெண்டு மைக்ரான். கல் தெறிப்பைத் தாங்கணும்னா 150 மைக்ரானுக்கு மேல இருக்குற பிலிம்தான் ஒட்டணும். அதோட விலையைக் கேட்டுட்டு உக்காந்துக்கங்க.

புளுகு 5: 'மண்ணெண்ணெய் போட்டுத் துடை, புதுசா ஆயிரும்.'
நம்மள மாதிரி எழுதுறவங்களே இதை 'பாட்டி வைத்தியம்' ரேஞ்சுக்குப் பரப்புறாங்க. அந்த மினுமினுப்பு வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. தூசி பூராவும் வந்து ஒட்டும், முன்னால போட்ட மெழுகும் கரையும், கதவு ரப்பரும் ஊறிக் கெடும்.

அப்ப மெழுகே வேஸ்டான்னு கேட்டீங்கன்னா, இல்ல. கார்நாபான்னு பிரேசில் பனைமர இலையில இருந்து எடுக்குற மெழுகு. 80 டிகிரிக்கு மேலதான் உருகும். பறவை எச்சமோ, உப்புத் தண்ணிக் கறையோ பெயிண்டைத் தொடுறதுக்கு முன்னால மெழுகைத் தின்னும், நீங்க துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நம்ம வெயிலுக்கு ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. அம்புட்டுதேன். கஞ்சி மாதிரி! பூசுறதுக்கு ஆளே தேவையில்ல, ஒரு டப்பா வாங்கினா நீங்களே நிழல்ல வச்சுப் பூசிக்கலாம்.

உண்மையில காரைக் காப்பாத்துறது சில்லறை வேலைங்கதான். நிழல்ல நிறுத்துங்க. எச்சம் விழுந்தா அன்னிக்கே ஊற வச்சு எடுங்க. போர் தண்ணியில கழுவினா வெயில்ல காய விடாம உடனே ஒத்தி எடுங்க, இல்லேன்னா சுண்ணாம்புப் புள்ளி விழும். காய்ஞ்ச தூசியைப் பனியன் வேஸ்ட்டால தேய்க்காதீங்க, கீறல்ல பாதி அங்கதான் விழுது. ஆடிக் காத்துல தூசி வண்டி மேல கவர் போட்டா அது கவர் இல்ல, உப்புத்தாள். டிங்கரிங் பட்டறையில புதுசாப் பெயிண்ட் அடிச்ச இடத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு மாசம் எதையும் பூசாதீங்க, அது உள்ளுக்குள்ள காயணும்.

வண்டி விக்கிறவங்க மேல எனக்கு விரோதமில்ல. என்ன சரக்கு, எத்தனை மாசம் நிக்கும், எதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுன்னு காகிதத்துல எழுதித் தரட்டும், தாராளமா வாங்கிக்கறோம். எழுதித் தர மாட்டேன்னா அந்த வரியை அடிச்சிட்டு மிச்சத்துக்குப் பில் போடச் சொல்லுங்க. தறி ஓட்டிச் சம்பாதிச்ச காசு, மின்னுறதுக்காக மட்டும் போகக்கூடாது.

டிஸ்கி: 'எங்க மாமா 20 வருசமா மண்ணெண்ணெய்தான் போடுறாரு, வண்டி சும்மா கும்முனு இருக்கு'ன்னு வரப்போறவங்களுக்கு... மாமா வண்டி கொட்டகைக்குள்ளதானே நிக்குது? :-)