கடைசி நாளைக் கடைக்குக் கொடுக்காதீர்கள்



பாரீசில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு நானும் என் மனைவியும் பெண்ணாடம் வந்து சேர்ந்துவிட்டோம். "என்னென்ன பார்த்தீங்க சார்?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். படங்களைப் பிறகு போடுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் நம் ஊரிலும் பெருகிவிட்டதால், இப்போது ஒரு விஷயம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அது பயணத்தின் கடைசி நாளைப் பற்றியது.

ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதனால் கடைசி நாள் எது என்று முதல் நாளே தெரியும். ஆனாலும் பல வீடுகளில் அந்த நாள் எப்படிப் போகிறது? பெட்டியை எடை போடுவது, 23 கிலோவுக்கு மேல் போனதைப் பிரித்து அடுக்குவது, சாக்லேட் வாங்க ஓடுவது, விட்டுப்போன இடத்துக்கு அவசரமாகப் போய்ப் படம் எடுப்பது. பிள்ளை லீவு போட்டது இதற்குத்தானா?

விட்டுப்போன இடம் இருக்கத்தான் செய்யும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 35,000 கலைப்பொருள்கள் காட்சிக்கு இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று இந்தக் கணக்கு வாத்தியார் போட்டுப் பார்த்தால் 583 மணி நேரம்! இரவு பகலாக நின்றாலும் 24 நாளுக்கு மேல் ஆகும். கடைவேலையை இரண்டு நாள் முன்பே முடித்துவிடலாம். லா சப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. நாம் கொண்டுவருவதற்கு வாங்குவதைவிட, அவர்கள் சமையலறையை நிரப்பி வைப்பது மேல்.

கடைசி நாளில் நாங்கள் புதிதாக எதையும் பார்க்கப் போகவில்லை. பேத்தியைப் பள்ளியில் விட்டோம். மகள் தினமும் ரொட்டி வாங்கும் கடைக்கு நடந்தோம். மாலையில் எல்லோருமாக சேன் ஆற்றுப் பாலத்தில் நின்றோம். 2019இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் பேராலயத்தின் பின்புறம் அங்கிருந்து தெரியும். அது அரைவட்டமாக வளைந்திருக்கும். நம் பிரளயகாலேஸ்வரர் கோயில் கருவறையும் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருப்பதால்தானே தூங்கானை மாடம் என்கிறோம்! "நம்ம ஊர்க் கோயிலும் பின்னாடி இப்படித்தாம்மா வளைஞ்சிருக்கும்" என்று பேத்திக்குக் காட்டினேன். அந்தக் கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இனி அந்தப் பாலத்தைக் கடக்கும்போது அவளுக்குத் தாத்தா ஊர் நினைவு வரும்.

நாம் விமானம் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பழகிய திண்ணை, பழகிய முகங்கள். பிள்ளைகளோ மறுநாள் அதே தெருவில் நாமில்லாமல் நடக்கிறார்கள். பிரிவு அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே கடைசி நாள் அவர்களுடையது. அவர்கள் அன்றாடம் புழங்கும் இடங்களில் அவர்களோடு நடந்துவிட்டு வாருங்கள். எழுபதை நெருங்கும் எங்களுக்கு அடுத்த பயணம் அமையுமோ, தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மா வந்தால் கடைசி நாளுக்கு டிக்கெட் எதுவும் புக் பண்ணாதீர்கள். பெட்டியை முந்தின நாளே கட்டிவிடுங்கள். அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருங்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.