தேங்காய் போடாத கஞ்சி



நம் வள்ளியூர்ப் பக்கம் கஞ்சி புதிதல்ல. வெயில் காலத்தில் கஞ்சியும் காணத்துவையலும் இருந்தால் வேறு சாப்பாடே தேடமாட்டோம். ஆனால் மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்கள் நினைவாக எங்கள் வீட்டில் காய்ச்சுவது வேறு கஞ்சி. சொல்லிக்கொடுத்தவர் சமூகரெங்கபுரம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அக்கா. 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். அவருடைய தங்கை குடும்பம் வன்னியிலேயே நின்றுவிட்டது.

முதல் தடவை நான் பழக்கத்தில் தேங்காய்த் துருவலை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தேங்காய்ப்பூ போடாதேங்கோ தம்பி. அவைக்கு அரிசியும் தண்ணியும்தான் கிடைச்சது." கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றி நீட்டினார். வன்னியிலும் சிரட்டைதான், இங்கேயும் சிரட்டைதான். நான் குடித்து முடிக்கும்வரை அவர் பேசவே இல்லை.

வன்னியில் போர் நடந்துகொண்டிருந்த 2009 ஜனவரியில் இலங்கை அரசே பாதுகாப்பு வலயம் என்று ஓர் இடத்தை அறிவித்தது. சனங்கள் அதை நம்பிப் போனார்கள். எறிகணையும் அங்கேயே விழுந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனைகூடத் தப்பவில்லை. மே மாதம், கடலுக்கும் நந்திக்கடல் நீரேரிக்கும் நடுவே முள்ளிவாய்க்கால் மணலில் எல்லாம் முடிந்தது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் நடந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் இறந்தவர்களுக்கு நாம் நேர்மையாக இருக்கமாட்டோம். 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. ஊர் ஊராகப் பெயர் எழுதிய முழுப் பட்டியல் இன்றும் இல்லை.

காணாமல்போன தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டும் அம்மாக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பு தொடங்கியது அந்தப் போராட்டம். இராணுவத்திடம் தங்கள் கையாலேயே பிள்ளையை ஒப்படைத்தவர்களும் அவர்களில் உண்டு. மடியில் பிள்ளையின் படம், தலைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். பதில் கிடைக்காமலே பலர் இறந்துபோனார்கள். அவர்கள் இடத்தில் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். இறந்தவர்களை நினைவுகூரக்கூட விடவில்லை: 2024 மே மாதம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் போலீஸ் கைது செய்தது.

"உட்கார்ந்து என்ன கிடைத்தது?" என்று வாசகர்கள் சிலர் கடிதத்தில் கேட்கிறீர்கள். வலியோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். நம் மண்ணிலும் அந்த வலி உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் பந்தலில் பெண்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த நிலையம் நிற்கவில்லை.

ஆனாலும் நான் அந்த அம்மாக்கள் பக்கம்தான். ஒருவர் துப்பாக்கியை எடுத்த மறுநிமிடம், செத்த குழந்தையைக்கூட 'எந்தத் தரப்பு?' என்று கேட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். வன்னியில் அதுதான் நடந்தது. காசாவிலும் அதையே பார்க்கிறோம். மடியில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாயை அப்படி ஒதுக்க முடியாது. அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என் பிள்ளை எங்கே?

இந்த மே 18 சாயங்காலம் உங்கள் வீட்டிலும் தேங்காய் போடாமல் கஞ்சி காய்ச்சுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். கங்கைகொண்டானிலும் கோபாலசமுத்திரத்திலும் முகாம்கள் இருக்கின்றன. ஒருநாள் போய், அங்கிருப்பவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஜூன் இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்