குழாய் எத்தனை அங்குலம்?

நம் வீட்டுப் பிள்ளைகள் கார் வாங்கியதும் முதலில் மாற்ற நினைப்பது சைலன்சரைத்தான். சீட் உறை, பாட்டுப் பெட்டி எல்லாம் அப்புறம். "டர்போ வண்டி தாத்தா, பெரிய குழாய் போட்டா பறக்கும்" என்கிறார்கள். செலவுக்குக் கை நீளுவது பெரும்பாலும் நம் பென்ஷனை நோக்கித்தான். அது பிரான்சு பென்ஷனாக இருந்தாலும் சரி, உள்ளூர்ப் பென்ஷனாக இருந்தாலும் சரி. பணம் கொடுப்பவர்களுக்கு இதில் ஒரு கருத்து இருக்க வேண்டாமா? "சத்தம் போடாதே" என்று வெறுமனே அதட்டினால் பயல்கள் கேட்க மாட்டார்கள். கணக்கோடு பேசினால் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ வண்டிக்குக் கொஞ்சம் தாராளமான குழாய் நல்லதுதான். ஆனால் எவ்வளவு தாராளம் என்பதை இன்ஜினின் பலம்தான் தீர்மானிக்க வேண்டும். நூறு, நூற்றிருபது குதிரைத்திறன் உள்ள ஒரு லிட்டர் காருக்கு மூன்று அங்குலக் குழாய் என்பது தண்டச் செலவு.

டர்போ என்றால் என்ன? இன்ஜினிலிருந்து சூடாகவும் வேகமாகவும் வெளியேறும் புகை வீணாகத்தானே போகிறது? அதன் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் புகை அதைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், பலமும் கூடும். சுவிஸ் நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் ப்யூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். முதல் உலகப் போரின்போது ஒகுஸ்த் ரத்தோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மேலே போகப் போகக் காற்று மெலிந்து விமான இன்ஜின் திணறுவதைப் பார்த்து, ரெனோ இன்ஜின்களுக்கு இதைப் பொருத்தினார். பந்தயக் காரில் 1977-ல் ரெனோ டர்போவைக் கொண்டுவந்தபோது அது அடிக்கடி புகைவிட்டு நின்றது. மற்ற அணியினர் மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்கள். 1979-ல் திஜோன் பந்தயத்தில் ழான்-பியேர் ழபூய் அந்த ரெனோவிலேயே முதலிடம் பிடித்தார். அதன்பின் ஒவ்வொருவராக எல்லோரும் டர்போவுக்கு மாறினார்கள்.

பள்ளியில் பிரெஞ்சில் படித்த எனக்கு இந்தக் குழாயின் பெயரே ஒரு பாடம். 'போ தெஷாப்மான்' என்பார்கள். 'போ' என்றால் பானை. தமிழில் 'போ' என்று வைத்துக்கொண்டாலும் பொருத்தம்தான், வெளியே போகிற புகைக்கு! 'எஷாப்மான்' என்றால் தப்பிச் செல்லுதல். கைக்கடிகாரத்துக்குள் பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் உறுப்புக்கும் இதே பெயர்தான். அங்கே விடுதலை என்றால் ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுவது அல்ல, அளவாக விடுவது. காருக்கும் அதுவே பொருந்தும் என்பேன்.

இப்போது பிள்ளைகள் சொல்வதில் உள்ள நியாயத்துக்கு வருவோம். நம் காலத்து மெக்கானிக்குகள் "குழாயில கொஞ்சம் தடை இருக்கணும், அப்பதான் இழுவை வரும்" என்பார்கள். டர்போ இல்லாத வண்டியில் அதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. தடைக்காக அல்ல, குழாய் அளவாக இருந்தால் புகை வேகம் குறையாமல் ஓடி, அடுத்து வரும் புகையையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்காக. டர்போ வண்டியில் புகை சக்கரத்தில் மோதிய பிறகுதான் குழாய்க்கு வருகிறது. சக்கரத்துக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் சக்கரம் நன்றாகச் சுழலும். எனவே டர்போவுக்குப் பின்னால் தடை குறைவது நல்லதே. இதில் பையன்கள் சொல்வது சரி, நாம்தான் பழைய பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எந்த அளவோடு நிறுத்துவது? இங்கேதான் கணக்கு வேண்டும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி கூடும். 2 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 3.1 சதுர அங்குலம். இரண்டரை அங்குலத்துக்கு 4.9. மூன்று அங்குலத்துக்கு 7.1. அதாவது விட்டம் ஒன்றரை மடங்கானால் வழி இரண்டேகால் மடங்காகிறது. "ஒரே ஒரு அங்குலம்தானே தாத்தா" என்பவனுக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்து, அந்த வழியில் போக எவ்வளவு காற்று இருக்கிறது? ஒரு லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால் 2,750 லிட்டர். டர்போவின் தயவில் இருமடங்கு என்று வைத்தாலும் 5,500 லிட்டர். சூட்டில் அது பல மடங்கு விரியும், உண்மை. ஆனால் நம் மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் 5,500 சுற்றில் யார் ஓட்டுகிறார்கள்? 2,000 சுற்றில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் போகும்போது இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் கல்யாண மண்டபத்து அண்டாவில் சோறு வடிப்பதுபோல இருக்கிறது இது.

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 150 குதிரைத்திறன் வரை இரண்டு அல்லது இரண்டேகால் அங்குலம் போதும். 200, 250 என்றால் இரண்டரை. 300-ஐத் தாண்டினால்தான் மூன்று. இன்று நம் ஊரில் ஓடும் சிறு டர்போ பெட்ரோல் கார்கள் 100 முதல் 120 வரை. கம்பெனிக் குழாயே பெரும்பாலும் 2 அங்குலத்தை ஒட்டி இருக்கிறது. அதில் மாற்ற என்ன இருக்கிறது?

இன்னொன்று, அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு கோப்பு எத்தனை மேஜைகளில் வேகமாக நகர்ந்தாலும், ஒரே ஒரு மேஜையில் தேங்கினால் அதுதான் அந்தக் கோப்பின் வேகம். குழாயும் அப்படித்தான். டர்போவை அடுத்துள்ள பகுதியும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பழையபடியே இருக்க, பின்னால் கண்ணுக்குத் தெரியும் கடைசி இரண்டடியை மட்டும் அகலமாக்கினால் பலம் கூடாது. சத்தம் மட்டும் கூடும். கடைகளில் அதிகம் விற்பது அந்தக் கடைசி இரண்டடிதான்!

சரி, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறேன் என்று கன்வெர்ட்டரைக் கழற்றினால், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் உணரிகள் உடனே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். புகை தாராளமாகப் போவதால் சில வண்டிகளில் டர்போவின் அழுத்தம் நிர்ணயித்த அளவைத் தாண்டும். இன்ஜினுக்கு அது ஆபத்து. பெரிய குழாய் தாழ்ந்து தொங்கி ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசும். வாரண்டி போகும். காப்பீட்டுக் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் வில்லங்கம் வரலாம்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம், பழைய குமாஸ்தாவின் பழக்கம் விடுமா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் செல்லாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நம் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. திண்ணையைத் தாண்டினால் தெரு. இரவு பதினொன்றுக்கு ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனால் தெருவில் உள்ள அத்தனை கைக்குழந்தைகளும் விழித்துக்கொள்ளும். மாத்திரை போட்டு இப்போதுதான் கண்ணயர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அதன் பிறகு விடியும் வரை தூக்கம் கிடையாது. தூக்கத்தை இழந்தவர்கள் யாரிடம் போய் வாரண்டி கேட்பது? சைலன்சர் என்ற பெயரே அமைதிக்காக வைத்தது. பிரெஞ்சிலும் அது 'சிலான்சியோ'தான். அதைக் காசு கொடுத்துப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வைத்த சத்தக் குழாயையும் சைலன்சர் என்றே அழைக்கிறோம்!

ஆகவே பேரன் வந்து கேட்டால் கோபப்படாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். வண்டியின் குதிரைத்திறன் எவ்வளவு? இப்போதுள்ள குழாய் எத்தனை அங்குலம்? வழியில் மிகக் குறுகலான இடம் எது? மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பலத்தை அளந்து எழுத்தில் கொடுக்கக் கடைக்காரர் தயாரா? நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால், அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கித் தாருங்கள். வேகமாகப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு, நேரத்தில் நிற்கவும் தெரிய வேண்டும் அல்லவா?